முடைக் காலத்தில் ஒரு சகோதரிச் சங்கம்

நூற்றாண்டு மலருக்காக எமது சங்கத்தின் பழைய கூட்ட அறிக்கைகளைப் புரட்டியபோது, ஒரே கேள்வி வெவ்வேறு காலங்களில் திரும்பத் திரும்ப எழுந்திருப்பதைக் கண்டோம். நாட்டில் பணம் அருகும்போது ஒரு சங்கம் என்ன செய்ய வேண்டும்? செலவைச் சுருக்கிக்கொண்டு நல்ல காலம் வரும்வரை பொறுத்திருப்பதா, அல்லது அப்போதுதான் இறங்கி வேலை செய்வதா? 2022 ஆம் ஆண்டில் எரிபொருள் வரிசையில் நின்று களைத்து வந்து, மின்வெட்டுக்கு முன் அவசர அவசரமாகச் செயற்குழுவைக் கூட்டிய நாமும் இதையே கேட்டோம். தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பின்போடப்பட்ட வருடம் அது. அங்கத்தவர்களிடம் சந்தா கேட்க வாய் வரவில்லை என்று எமது பொருளாளர் அக்கா சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

இக்கேள்விக்கு வேறு பெண்கள் சங்கங்கள் எப்படி விடை கண்டன என்று தேடியபோதுதான், ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பினப் பட்டதாரிப் பெண்களின் வரலாறு ஒன்று எமது கண்ணில் பட்டது. பழைய மாணவிகள் எங்கிருந்தாலும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு என்று கருதி அதை இங்கே எழுதுகிறோம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'சொரோரிட்டி' எனப்படும் மாணவியர் சகோதரிச் சங்கங்கள் உண்டு. கிரேக்க எழுத்துக்களால் பெயரிடப்படும் இவற்றில் சேர்ந்தவர்கள் பட்டம் பெற்று வெளியேறிய பின்பும் அங்கத்தவர்களாகவே இருப்பர். ஊருக்கு ஊர் பட்டதாரிக் கிளைகள் இருக்கும். எல்லாக் கிளைகளுக்கும் மேலாகத் தேசிய தலைவி ஒருவர் இருப்பார். எமது தாய்ச்சங்கத்தையும் கொழும்பு, லண்டன், டொரன்டோ, சிட்னிக் கிளைகளையும் எண்ணிப் பார்த்தால் இந்த அமைப்பு எளிதில் விளங்கும்.

கறுப்பினப் பெண்களுக்கென எழுந்த முதலாவது சகோதரிச் சங்கம் அல்ஃபா கப்பா அல்ஃபா. 1908 ஜனவரி 15 ஆம் திகதி வாஷிங்டன் நகரின் ஹவார்ட் பல்கலைக்கழகத்தில் எத்தல் ஹெஜ்மன் என்ற மாணவியின் முயற்சியால் அது உருவானது. அடிமை முறை ஒழிந்து அரை நூற்றாண்டுகூட ஆகாத காலம் அது. பட்டம் பெறும் கறுப்பினப் பெண்கள் மிகச் சிலரே. பெரும்பாலானோர் ஆசிரியைகளாயினர், வேறு கதவுகள் அவர்களுக்குத் திறக்கவில்லை.

1929 ஒக்டோபரில் நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்தது. 1933 அளவில் அமெரிக்காவில் உழைப்போரில் நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. சிக்காகோ போன்ற பெரிய நகரங்களிலேயே ஆசிரியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. சந்தாப் பணத்திலும் அங்கத்தவர்களின் ஓய்வு நேரத்திலும் நடக்கும் ஒரு சங்கத்துக்கு இதன் பொருள் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. இந்த நிலையில் 1933 இல் தேசிய தலைவியாக வந்தவர் ஐடா லூயிஸ் ஜக்ஸன்.

ஜக்ஸன் 1902 இல் மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பேர்க்கில் பிறந்தவர். பின்னர் கலிபோர்னியாவுக்குச் சென்று பேர்க்லியில் பட்டம் பெற்றார். ஓக்லண்ட் நகரப் பாடசாலைகளில் ஆசிரியையாக நியமனம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. தலைமைக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பத்தொன்றுதான். விருந்துகளும் நடனங்களும் நடத்தும் மாணவியர் கழகம் என்ற அளவில் சங்கத்தைக் கட்டிக் காத்திருந்தாலே அந்த நாட்களில் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவரது பார்வை தாம் விட்டுவந்த மிசிசிப்பியின் மீதே திரும்பியது.

அங்கே கறுப்பினக் குடும்பங்களிற் பல வெள்ளையர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டு வாழ்ந்தன. விதை, உணவு, உடை எல்லாம் நிலச்சொந்தக்காரரின் கடையில் கடனுக்கு வரும். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் கடனே மிஞ்சும். பொருளாதார மந்தத்தில் பருத்தி விலை விழுந்தபோது அந்த மிச்சமும் போயிற்று. பிள்ளைகள் பருத்தி எடுக்கும் காலம் தவிர்ந்த சில மாதங்களே பாடசாலை சென்றனர். அவர்களுக்குக் கற்பித்தவர்களிற் பலர் உயர்கல்வி எதையும் கண்டவர்கள் அல்லர்.

1934 கோடையில், ஹோம்ஸ் மாவட்டத்தின் லெக்சிங்டன் என்ற சிற்றூரில் கிராமிய ஆசிரியர்களுக்கான விடுமுறைப் பயிற்சிப் பாடசாலை ஒன்றைச் சங்கம் தொடங்கியது. அரீனியா மலரி அம்மையார் நடத்திவந்த கறுப்பினப் பாடசாலையே அதற்கு இடம் தந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் 22 பேர். படித்த பிள்ளைகள் 243 பேர். இரவு வகுப்புக்கு வந்த வளர்ந்தோர் 48 பேர். திரட்டிக் கொடுத்த நூல்கள் 2,600. அந்த மாவட்டத்தில் வெள்ளையரிடமோ கறுப்பினத்தவரிடமோ அதைவிடப் பெரிய நூலகம் இருக்கவில்லை என்று சொல்லப்பட்டது. இதைச் சிறிய வேலை என்று நினைப்பவர்கள், யாழ்ப்பாணத்தில் எரிந்துபோன நூலகத்துக்காக ஒவ்வொரு புத்தகமாகச் சேர்த்தவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

அந்தக் கோடை இன்னொன்றையும் காட்டியது. பசியோடும் நோயோடும் வரும் பிள்ளைக்கு எழுத்து ஏறாது. எனவே அடுத்த வருடம் திட்டம் மாறியது. 1935 கோடையில் மிசிசிப்பி சுகாதாரத் திட்டம் பிறந்தது. அதற்குப் பொறுப்பாக நின்றவர் வாஷிங்டனைச் சேர்ந்த வைத்திய கலாநிதி டொரத்தி போல்டிங் ஃபெரபி. ரஃப்ட்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1924 இல் பட்டம் பெற்றவர் அவர்.

வாஷிங்டனிலிருந்து மிசிசிப்பிக்கு ஏறத்தாழ 1,000 மைல். தென்மாநிலப் புகையிரதங்களில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பெட்டி. வழியிலுள்ள விடுதிகளிலும் உணவகங்களிலும் அவர்களுக்கு இடமில்லை. அந்தப் பெண்கள் சொந்தக் கார்களில் மருந்துகளை ஏற்றிக்கொண்டு, தாமே ஓட்டிச் சென்றனர். வைத்தியர்களும் தாதியரும் மட்டுமல்ல, ஆசிரியைகளும் சமூக சேவையாளரும் தமது கோடை விடுமுறையைக் கொடுத்து உடன் சென்றனர்.

போய்ச் சேர்ந்த பின்னரே பெரிய தடை தெரிந்தது. சிகிச்சை நிலையங்களை ஓரிடத்தில் அமைத்து மக்களை வரவழைப்பது என்பதே ஏற்பாடு. தோட்டச் சொந்தக்காரர்கள் தம் ஆட்களை வயலை விட்டுப் போக விடவில்லை. அயல் மாநிலமான ஆர்கன்சோவில் முந்திய வருடந்தான் வாரக்குடிகள் தொழிற்சங்கம் அமைத்திருந்தனர். வடக்கிலிருந்து வந்த படித்த பெண்களையும் கிளர்ச்சி செய்ய வந்தவர்களாகவே சந்தேகித்தனர். ஃபெரபியின் குழு திரும்பிப் போகவில்லை. மக்கள் வர முடியாவிட்டால் நாம் போவோம் என்று கார்களையே நடமாடும் சிகிச்சை நிலையங்களாக்கித் தோட்டம் தோட்டமாகச் சென்றது. குதிரைமேல் இருந்த மேற்பார்வையாளர்கள் ஆயுதத்தோடு பார்த்திருக்க, தேவாலய வாசலிலும் மரநிழலிலும் பிள்ளைகளுக்குப் பெரியம்மைக்கும் தொண்டைக்கரப்பனுக்கும் எதிரான ஊசி போடப்பட்டது. பற்கள் பார்க்கப்பட்டன. சோளமாவும் பன்றிக்கொழுப்பும் வெல்லப்பாகுமே உணவாயிருந்த தாய்மாருக்குப் போஷாக்கைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கப்பட்டது.

ஒரு வருடத்தோடு இது முடியவில்லை என்பதே எமக்கு முக்கியமாகப் படுகிறது. அடுத்த கோடைகளிலும் போனார்கள்; பின்னைய வருடங்களில் பொலிவர் மாவட்டத்தில் பணி நடந்தது. ஜக்ஸனின் பதவிக்காலம் முடிந்து வேறொருவர் தலைவியானார்; திட்டம் நின்றது இல்லை. 1939 இல் ஃபெரபியே தேசிய தலைவியானார். 1942 வரை, இரண்டாம் உலகப்போரின் எரிபொருள், டயர்த் தட்டுப்பாடு கார்களை நிறுத்தும்வரை, பணி தொடர்ந்தது. சுமார் 15,000 பேர் பயன்பெற்றதாகச் சங்கத்தின் வரலாறு கூறுகிறது.

இதனால் மிசிசிப்பி மாறிவிட்டதா? இல்லை. கோடையில் சில வாரங்கள் போடும் ஊசியால் கடன் புத்தகத்தைக் கிழிக்க முடியாது. அதை அந்தப் பெண்களே முதலில் உணர்ந்தார்கள். நோயின் வேர் கூலியிலும் நிலத்திலும் வாக்குரிமையிலும் இருப்பதைக் கண்ட சங்கம், 1938 இல் நோமா போய்ட் என்ற மூத்த அங்கத்தவரின் முயற்சியில், வாஷிங்டனில் சட்டமியற்றுவோரிடம் நேரே சென்று வாதாடுவதற்கென ஓர் அமைப்பை நிறுவியது. தொண்டு செய்தவர்கள் தொண்டின் எல்லையையும் கண்டார்கள்; கண்டபின் சோர்ந்து உட்காரவில்லை.

இந்த வரலாற்றை வாசித்து முடித்தபோது எம்மில் சிலருக்குக் கொஞ்சம் வெட்கமாயிருந்தது. 2022 இல் நாம் எமது கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்றே முதலில் பார்த்தோம். எமது அங்கத்தவர்களில் எத்தனை வைத்தியர்கள், தாதியர், ஆசிரியைகள், கணக்காளர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எத்தனை நாட்கள் தரக்கூடும் என்று பார்க்கவில்லை. ஜக்ஸனிடமும் பணம் இருக்கவில்லை. அங்கத்தவர்களுக்குத் தெரிந்த தொழிலும் அவர்களது விடுமுறையும் அவர்களது கார்களுமே அவரது முதல். நாடு முழுவதும் சிறிது சிறிதாகக் கொடுக்காமல் ஒரே மாநிலத்தைத் தெரிந்தெடுத்து, தலைவிகள் மாறினாலும் அதை விடாமல் பிடித்திருந்தார்கள். எமது சங்கத்திலோ புதிய செயற்குழு வந்ததும் பழைய திட்டம் கோப்புக்குள் போய்விடுவதை இந்தக் குறிப்பேடுகளே சொல்கின்றன.

நெருக்கடி முழுதாய்க் கடந்துவிட்டது என்று சொல்ல எமக்குத் துணிவில்லை. காலைச் சாப்பாடு இல்லாமல் பாடசாலைக்கு வரும் பிள்ளைகள் இன்றும் எமது ஊர்களில் இருக்கிறார்கள். விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலைகளும் பேருந்து போகாத வீதிகளின் முடிவில் இருக்கின்றன. இரண்டாவது நூற்றாண்டில் காலடி வைக்கும் எமது சங்கம் அவற்றில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, குறைந்தது ஏழெட்டு வருடம் விடாமல் சென்று வரலாம். வெளிநாட்டுக் கிளைகளிலுள்ள சகோதரிகளிடம் நாம் இனிக் கேட்கப்போவது காசோலை மட்டுமல்ல. அடுத்த விடுமுறையில் ஊருக்கு வரும்போது ஒரு கிழமையை எமக்குத் தாருங்கள். உங்களுக்குத் தெரிந்த தொழிலையும் கொண்டு வாருங்கள்.