செஞ்சிக்குப் பக்கத்துல ஒரு ‘ஐ’

2025 ஜூலைல செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு. மராத்தியர்களோட 12 கோட்டைகள் சேர்ந்த பட்டியல் அது. அதுல மகாராஷ்டிராவுக்கு வெளியே இருக்கறது செஞ்சி மட்டும்தான். 1677ல சிவாஜி பிடிச்சது, அவர் மகன் ராஜாராமை வெளியே எடுக்க முகலாயப் படை 1698 வரைக்கும் வருஷக்கணக்கா முற்றுகை போட்டது, 1714ல தேசிங்கு ராஜா சண்டையில செத்தது, இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ராஜகிரி ஏறிடுங்க, தண்ணி எடுத்துட்டுப் போங்க. கோட்டை பத்தி இன்னிக்கு அவ்வளவுதான்.

கோட்டையிலேர்ந்து இறங்குனவங்க பெரும்பாலும் நேரா பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போறாங்க. நீங்க ஊருக்கு வடக்கே, சிறுகடம்பூர் பக்கம் போங்க. அங்க திருநாதர்குன்றுன்னு ஒரு சின்னக் குன்று இருக்கு. மேல ஒரு பெரிய பாறை. அதுல வரிசைக்குப் பன்னிரண்டு பேரா, ரெண்டு வரிசையில 24 தீர்த்தங்கரர்கள் உட்கார்ந்திருக்காங்க. எல்லாருக்கும் ஒரே முகம், ஒரே இருப்பு. போட்டோ எடுக்க நல்லா இருக்கும், எடுத்துக்கோங்க. ஆனா நான் உங்களைக் கூட்டிட்டு வந்தது அதுக்கு இல்ல.

அதே குன்றுல ஒரு சின்னக் கல்வெட்டு இருக்கு. 1,400 வருஷத்துக்கும் மேல பழசு. விஷயம் இதுதான்: சந்திரநந்தி ஆசிரியர்னு ஒரு சமண முனிவர், ஐம்பத்தேழு நாள் சாப்பிடாம இருந்து உயிரை விட்டார், இது அவரோட நினைவிடம். எந்த ராஜா ஆண்டாரு, யாரு நிலம் கொடுத்தாங்க, ஒண்ணும் கிடையாது. ஒரு பேரு, ஒரு எண்ணிக்கை, அவ்வளவுதான். தமிழ்ல ‘ஐ’ங்கற எழுத்து முதல்ல கிடைக்கறது இந்தக் கல்வெட்டுலதான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. அந்த எழுத்து வர்ற இடத்தைக் கவனிங்க. ‘ஐம்பத்தேழு’ங்கற சொல்லோட தொடக்கத்துல. பட்டினி கிடந்த நாளை எண்ணி எழுதும்போது!

அந்த ஐம்பத்தேழு நாளும் யாரோ கூட இருந்திருக்கணும். இல்லன்னா நாள் கணக்கு எப்படித் தெரியும்? எனக்கு அந்த முனிவரைவிட அந்த இன்னொரு ஆள்தான் மனசுல நிக்கறாங்க. பிற்காலத்துல இன்னொருத்தர், இளையபடாரர், இதே குன்றுல 30 நாள் நோன்பிருந்து இறந்ததாகவும் ஒரு கல்வெட்டு இருக்கு.

இதைத் தற்கொலைன்னு சொல்லலாமா? சமணர்கள் இதை சல்லேகனைன்னு சொல்வாங்க. முதுமை, தீராத நோய், பஞ்சம் மாதிரி நிலைமையில, உணவைப் படிப்படியாகக் குறைச்சுப் பற்றை விடறது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த கதையைப் பள்ளியில படிச்சிருப்பீங்க, கிட்டத்தட்ட அது மாதிரி. 2015 ஆகஸ்ட்ல ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இதைக் குற்றம்னு தீர்ப்பு சொல்லுச்சு. அதே மாசக் கடைசியில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வச்சது. அதனால இது கல்லுல மட்டும் இருக்கற விஷயம் இல்ல. தமிழ் பேசற சமணர்களும் இந்தப் பக்கத்துல இன்னிக்கும் வாழறாங்க, நயினார்னு பேரோட. செஞ்சிக்குக் கிழக்கே மேல்சித்தாமூர்ல அவங்க மடமும் பார்சுவநாதர் கோயிலும் இருக்கு.

இப்ப பஸ் ஏறுங்க, வளத்தி வழியா மேல்மலையனூர், சுமார் 20 கிலோமீட்டர். அங்க சாவு வேற மாதிரி. பிரம்மனோட ஐந்தாவது தலையைக் கிள்ளின சிவன் கையில அந்தக் கபாலம் ஒட்டிக்குது. போடற சோத்தையெல்லாம் அதுவே தின்னுடுது, சிவன் பசியோட சுடுகாடு சுடுகாடா அலையறார். மலையனூர்ல அம்மன் சோத்தைத் தரையில இறைக்க, கபாலம் அதைத் தின்னக் கீழே இறங்குது, அங்காளம்மன் விஸ்வரூபம் எடுத்து மிதிச்சுடறா. மாசி மாசம், சிவராத்திரிக்கு அடுத்து வர்ற மயானக் கொள்ளையில ஜனங்க இன்னும் அதைத்தான் செய்யறாங்க. மயானத்துல காய்கறி, தானியம், கொழுக்கட்டைன்னு எல்லாத்தையும் அள்ளி இறைப்பாங்க. பூசை செய்யறவங்க செம்படவர், பர்வதராஜகுலம். மூலஸ்தானத்துல புத்தும் உண்டு.

அமாவாசை ராத்திரி ஊஞ்சல் பார்க்கப் பல மாவட்டத்திலேர்ந்து கூட்டம் வரும். நான் போனதும் ஒரு அமாவாசைதான். மத்தியானம் குன்றுல என்னைத் தவிர யாரும் இல்ல. ராத்திரி இங்க நிக்க இடம் இல்ல. பக்கத்துல ஒரு அம்மா, பேரனுக்கு உடம்பு சரியானதுக்கு வேண்டுதல்னு சொல்லிட்டு, கையில இருந்த புளிசாதப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாங்க. “சாப்பிட்டியாப்பா? காலையிலேர்ந்து சாப்பிடாதவன் மாதிரி இருக்கே”ன்னாங்க. வாங்கிச் சாப்பிட்டேன்.

நீங்க போறதா இருந்தா அமாவாசை தேதியைப் பார்த்துக்கோங்க. அன்னிக்குத் திரும்பி வர சிறப்பு பஸ் உண்டு.