ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லியிலிருந்து ஒரே நாளில் பழவேற்காடு: என்ன பார்க்கலாம், எங்கே கவனமா இருக்கணும்?

ஞாயிற்றுக்கிழமை கடற்கரைன்னா அம்பத்தூர்க்காரர்களுக்கு மெரினா, கொஞ்சம் நேரம் இருந்தா மகாபலிபுரம். வடக்கே திரும்புறவங்க குறைவு. ஆனால் திருவள்ளூர் மாவட்டத்தில், 400 ஆண்டு பழைய டச்சுக் கல்லறைகளும், ஏரியும், கடலும் ஒரே இடத்தில் இருக்கும் ஊர் பழவேற்காடு.

எப்படி போவது?

பூந்தமல்லி, ஆவடி பக்கம் இருப்பவர்களுக்கு வெளிவட்டச் சாலைதான் வசதி. நசரத்பேட்டையிலோ நெமிலிச்சேரியிலோ ஏறினால் நேராக மீஞ்சூர். அங்கிருந்து பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. ரயில் என்றால், பேசின் பிரிட்ஜில் இறங்கி கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் பிடித்து, பொன்னேரியில் இறங்கி பஸ் ஏற வேண்டும்.

டச்சுக்காரர்கள் இங்கே ஏன் வந்தார்கள்?

துணிக்காக. இங்கிருந்து போன கட்டம் போட்ட துணி தென்கிழக்கு ஆசியா முழுக்க விற்றது. மலேசியாவில் இன்றும் லுங்கிக்கு ‘கைன் பெலிக்கட்’ என்றுதான் பெயர். அந்த ‘பெலிக்கட்’ நம்ம பழவேற்காடுதான். போர்ச்சுகீசியர்கள் முதலில் வந்தார்கள். அவர்களோடு மோதிய டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடமாக நீண்ட காலம் இருந்தது இந்தக் கோட்டைதான். துணி மட்டும் போகவில்லை. ஆயிரக்கணக்கான மனிதர்கள் அடிமைகளாக இங்கிருந்து கப்பலேற்றப்பட்டார்கள். 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

கோட்டையைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். அகழியின் தடமும் புதர் மண்டிய மேடும்தான் மிச்சம். டச்சுக்காரர்கள் 1634-ல் பிடித்த கரீபியன் தீவான குராசோவில், அவர்கள் கட்டிய கோட்டை இன்றும் அரசு அலுவலகமாக இயங்குகிறது. அந்த ஊர் 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. நம்ம பக்கம் மேடு.

ஆனால் கல்லறைத் தோட்டம் தப்பிவிட்டது. வாசலிலேயே இரண்டு எலும்புக்கூடு சிற்பங்கள் வரவேற்கும். குழந்தைகள் கொஞ்சம் மிரளலாம். உள்ளே கருங்கல் பலகைகளில் டச்சு எழுத்துகள், குடும்பச் சின்னங்கள். இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. கல்லில் பேர் கிறுக்கினால் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ஊருக்குள் விஜயநகர காலத்து ஆதிநாராயணப் பெருமாள் கோயில், பழைய பள்ளிவாசல்கள், போர்ச்சுகீசியர் காலத்தில் தொடங்கிய மகிமை மாதா தேவாலயம் என எல்லாமே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நடந்தே பார்த்துவிடலாம்.

ஏரியும் கடலும்

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போனால் பூநாரைகளைப் பார்க்க வாய்ப்பு அதிகம். பாலத்தைத் தாண்டினால் லைட்ஹவுஸ் குப்பம், அதற்கு அப்பால் கடல். கூட்டம் இல்லாத கரை என்பதுதான் அதன் அழகு, ஆபத்தும் அதுதான். அலை இழுத்தால் ஓடி வர ஆள் இருக்காது. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் நீரோட்டம் வேகம், அங்கே இறங்கவே கூடாது.

படகு சவாரி போகலாமா?

வேண்டாம். 2011 டிசம்பர் 25-ம் தேதி, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஒரே குடும்பத்து உறவுகள். லைஃப் ஜாக்கெட் இல்லை. அதன்பிறகு சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. கரையில் யாராவது ‘சும்மா ஒரு ரவுண்டு சார்’ என்று கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். அந்தப் படகுகள் மீன்பிடிக்கத்தான், குடும்பத்தோடு உட்கார அல்ல.

காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். கல்லறைத் தோட்டத்தில் நிழல் குறைவு, 11 மணிக்கு மேல் நிற்க முடியாது. திரும்பும்போது நண்டும் இறாலும் வாங்க நினைப்பவர்கள் ஐஸ் பெட்டி எடுத்துப் போகலாம்.