மின்வாகனங்களின் எடை

ஒரே அளவுள்ள மின்காரையும் பெட்ரோல் காரையும் எடைபோட்டால் பெரும்பாலும் மின்கார்தான் கனமாக இருக்கும். வோல்வோ எக்ஸ்சி40 காரின் மின்வடிவம் பெட்ரோல் வடிவத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் எடை கொண்டது. அமெரிக்காவின் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில் வித்தியாசம் பல நூறு கிலோவாக இருக்கிறது.

காரணம் பேட்டரி. ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12 யூனிட் ஆற்றல் உண்டு. லித்தியம் அயனி பேட்டரியில், உறையும் குளிரூட்டும் அமைப்பும் சேர்த்து, கிலோவுக்குச் சுமார் 0.15 யூனிட்தான். 40 லிட்டர் பெட்ரோல் 30 கிலோ. 60 யூனிட் பேட்டரியோ 400 கிலோ. மின்மோட்டார் தனக்குக் கிடைக்கும் ஆற்றலில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுகிறது. பெட்ரோல் எஞ்சின் முக்கால் பங்கை வெப்பமாக இழக்கிறது. இதனால் இடைவெளி குறைகிறதே தவிர மறைவதில்லை. எஞ்சின், கியர்பாக்ஸ், புகைக்குழாய் ஆகியவற்றை நீக்கி மிச்சப்படும் எடையும் பேட்டரிக்கு ஈடாகாது. பெட்ரோல் கார் ஓட ஓட இலேசாகும். பேட்டரி தீர்ந்தாலும் எடை குறையாது.

ஸ்கூட்டர்களில் நிலைமை வேறு. நகருக்குள் ஓடும் வண்டிக்கு 3 யூனிட் பேட்டரி போதும் என்பதால், மின்ஸ்கூட்டரும் பெட்ரோல் ஸ்கூட்டரும் 110 கிலோவை ஒட்டியே நிற்கின்றன. எடைச் சிக்கல் அடிப்படையில் பெரிய கார்களின் சிக்கல். நீண்ட தூரம் ஓட வேண்டும் என்று பேட்டரியைப் பெருக்குவதன் விளைவு.

கூடுதல் எடையால் டயர் சீக்கிரம் தேய்கிறது. மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசை தருவது அந்தத் தேய்மானத்தை இன்னும் கூட்டுகிறது. பிரேக் கட்டைகள் மட்டும் நீண்ட நாள் உழைக்கும். வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை மோட்டாரே மின் உற்பத்தி செய்தபடி ஏற்றுக்கொள்கிறது. பேட்டரி தரைத்தளத்தில் இருப்பதால் ஈர்ப்பு மையம் தாழ்ந்து, கவிழும் வாய்ப்பும் குறைகிறது.

சாலைச் சேதம் அச்சுச் சுமையின் நான்காம் மடிக்கு ஏற்பப் பெருகும் என்பது 1958–60இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் நடந்த சோதனையிலிருந்து பெறப்பட்ட விதி. அதன்படி எடை மூன்றில் ஒரு பங்கு கூடினால் சேதம் மூன்று மடங்காகும். கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றினாலும், 10 டன் அச்சுள்ள லாரிக்கு முன் எந்தக் காரின் பங்கும் அற்பமே. சாலை கெடுவதற்கு மின்காரைக் குறை சொல்வது நியாயமல்ல.

கவலைக்குரியது மோதல்தான். 2,000 கிலோ காரும் 1,000 கிலோ காரும் தலா 50 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டால், கனமான காரின் வேகம் 33 கி.மீ. அளவுக்கு மாறும், இலேசான காருக்கு அந்த மாற்றம் 67 கி.மீ. உள்ளே இருப்பவர்கள் தாங்க வேண்டிய அதிர்ச்சியும் அதற்கேற்பக் கூடும். நடந்து செல்பவருக்கு எந்தக் காப்பும் இல்லை. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகச் சோதனையில், 3 டன்னுக்கு மேற்பட்ட ரிவியன் மின்பிக்கப் சாலையோர இரும்புத் தடுப்பைப் பிய்த்துக்கொண்டு சென்றது. நார்வே 2023 முதல் புதிய மின்கார்களுக்கும், 500 கிலோவுக்கு மேற்பட்ட எடைக்குக் கிலோவாரியாக வரி விதிக்கிறது.