மேலே இரண்டு, கீழே இரண்டு

1974-இல் சேர்ந்து 2012-இல் ஓய்வு பெறும் வரை ஒரே அரசாங்கத் துறையில் 38 வருஷம் குப்பை கொட்டியவன் நான். பதவி உயர்வு, சீனியாரிட்டி, பேனல், ரிவர்ஷன் என்ற வார்த்தைகள் எங்கள் காலத்து ஊழியர்களுக்குச் சோறு தண்ணீர் மாதிரி. 1986-இல் எனக்கு ஒரு படி மேலே உத்தியோகம் கிடைத்து, ஏழே மாதத்தில் சீனியாரிட்டி வழக்கு ஒன்றின் தீர்ப்பால் பழைய நாற்காலிக்கே திரும்பி வந்தேன். தப்பு யாருடையதும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பழைய மேஜைக்கு நடந்த அந்த இருபது அடி தூரம் இன்னும் மறக்கவில்லை.

இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், பேரன் இரவெல்லாம் கண் விழித்து இங்கிலாந்துக் கால்பந்து பார்க்கிறான். நானும் வியாசர்பாடியில் வளர்ந்தவன்தான், கால்பந்து எனக்குப் புதிதல்ல. "கீழே இருக்கிற அணி மேலே வர்றதும், மேலே இருக்கிறது கீழே போறதும் எப்போ தாத்தா ஆரம்பிச்சது?" என்று கேட்டான். எங்கள் ஆபீஸ் கதையைப் போலவே இருந்ததால் கொஞ்சம் ஆழமாகவே படித்துவிட்டேன்.

இங்கிலாந்தில் ஃபுட்பால் லீக் தொடங்கியது 1888-இல், 12 அணிகளோடு. 1892-இல் இன்னொரு லீக்கைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு இரண்டாம் டிவிஷனை உண்டாக்கினார்கள். ஆனால் இரண்டாம் டிவிஷனில் ஜெயித்தால் மட்டும் மேலே போய்விட முடியாது. மேல் டிவிஷனில் கடைசி மூன்று இடம் பிடித்தவர்களோடு, கீழ் டிவிஷனின் முதல் மூன்று அணிகள் ஒரு பரீட்சை ஆட்டம் ஆட வேண்டும். நம் ஊர் டிபார்ட்மென்ட் தேர்வு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வருஷமே வேடிக்கை நடந்தது. இரண்டாம் டிவிஷனில் முதலிடம் பிடித்தது ஸ்மால் ஹீத், இன்றைய பர்மிங்ஹாம் சிட்டி. அது பரீட்சை ஆட்டத்தில் நியூட்டன் ஹீத்திடம் தோற்று அங்கேயே தங்கிவிட்டது. அதற்குப் பின்னால் வந்த ஷெஃபீல்டு யுனைடெடும் டார்வெனும் ஜெயித்து மேலே போயின. வருஷமெல்லாம் முதலில் வந்தவன் கீழே, பின்னால் வந்தவர்கள் மேலே. ஜெயித்த அந்த நியூட்டன் ஹீத்தும் அடுத்த வருஷமே லிவர்பூலிடம் தோற்றுக் கீழே இறங்கியது. அதுதான் பிற்பாடு மான்செஸ்டர் யுனைடெட் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

பிறகு முறையைக் கொஞ்சம் மாற்றி, மேலிருந்து இரண்டு, கீழிருந்து இரண்டு என நான்கு அணிகளை ஒரு குட்டிப் போட்டியாக ஆட விட்டார்கள். 1898-இல் அதன் கடைசி ஆட்டம் ஸ்டோக்குக்கும் பர்ன்லிக்கும். டிரா ஆனாலே இரண்டு பேருக்கும் மேல் டிவிஷன் உறுதி என்ற நிலைமை. அப்புறம் என்ன, இரண்டு பக்கமும் கோல் அடிக்கும் எண்ணமே இல்லாமல் தொண்ணூறு நிமிஷம் பந்தை அங்கேயும் இங்கேயும் உருட்டினார்கள். வெறுத்துப் போன ஜனங்கள், தங்கள் பக்கம் வந்த பந்தைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டார்களாம். முடிவு 0-0.

பாதிக்கப்பட்டவை நியூகாசிலும் பிளாக்பர்னும். லீக் நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? முதல் டிவிஷனை 16-இலிருந்து 18 ஆக்கி, நான்கு பேரையுமே மேலே சேர்த்துக்கொண்டது. சூப்பர்நியூமரரி போஸ்ட் உண்டாக்கிப் பிரச்சினையை முடிப்பது நம் ஊர்க் கண்டுபிடிப்பு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்! அதோடு பரீட்சை ஆட்டத்துக்கும் முழுக்குப் போட்டு, மேலே இரண்டு, கீழே இரண்டு, யார் தயவும் வேண்டாம் என்று நேரான விதியை எழுதிவிட்டார்கள்.

நேரான விதிக்கும் ஒரு சோதனை வந்தது. முதல் உலகப் போருக்காக ஆட்டம் நிற்கும் முன் நடந்த கடைசிப் போட்டி 1914-15. மேல் டிவிஷனில் கடைசி இரண்டு இடம் செல்சீயும் டாட்டன்ஹாமும். ஆனால் அந்த வருஷம் புனித வெள்ளியன்று மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூலை 2-0 என்று வென்ற ஆட்டம், ஆட்டக்காரர்கள் பேசி வைத்து ஆடியது என்று தெரியவந்தது. யுனைடெட் தப்பித்தது செல்சீயை விட ஒரே ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்றுத்தான்.

1919-இல் மறுபடி ஆரம்பித்தபோது முதல் டிவிஷனை 20-இலிருந்து 22 ஆக்கினார்கள். கீழிருந்து டெர்பியும் பிரஸ்டனும் முறைப்படி மேலே வந்தன. செல்சீயை அப்படியே வைத்துக்கொண்டார்கள். மிச்சம் ஒரு இடம். அது டாட்டன்ஹாமுக்கா, இல்லை இரண்டாம் டிவிஷனில் மூன்றாவதாக வந்த பார்ன்ஸ்லிக்கா? இதுதான் நியாயமான கேள்வி. ஆனால் ஓட்டெடுப்பில் ஜெயித்தது ஆர்சனல். அன்றைய பட்டியலில் அதற்கு ஆறாவது இடம்தான். பிற்பாடு கணக்கைச் சரிபார்த்தபோதுதான் அது ஐந்தாவது ஆனது. ஆர்சனலுக்கு 18 ஓட்டு, டாட்டன்ஹாமுக்கு 8, பார்ன்ஸ்லிக்கு 5.

லீக் தலைவர் ஜான் மெக்கென்னா சொன்ன காரணம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. டாட்டன்ஹாம் லீக்கில் சேர்ந்தது 1908-இல், ஆர்சனல் 1893-இலேயே வந்துவிட்டது, அதனால் ஆர்சனலுக்கே உரிமை என்றாராம். அதாவது சீனியாரிட்டி! அப்படிப் பார்த்தால் நான்காவதாக வந்த உல்வர்ஹாம்ப்டன் 1888-இல் லீக்கைத் தொடங்கிய பன்னிரண்டில் ஒன்று. அதற்கு ஏன் கொடுக்கவில்லை? ஆர்சனல் தலைவர் ஹென்றி நாரிஸ் திரைமறைவில் காய் நகர்த்தினார் என்று இன்றுவரை பேச்சு இருக்கிறது. நிரூபணம் ஆனதில்லை. விதி ஒன்று, விளக்கம் ஆளுக்கொன்று என்பதை நாம் பார்க்காததா?

டாட்டன்ஹாம் அழுதுகொண்டு உட்காரவில்லை. இறங்கிய வருஷமே இரண்டாம் டிவிஷனை 70 புள்ளிகளோடு வென்று மேலே ஏறியது. நான் வேலையில் சேர்ந்த 1974-இல் கீழே போன மான்செஸ்டர் யுனைடெடும் அப்படியே. ஐரோப்பியக் கோப்பையை வென்ற ஆறே வருஷத்தில் இறங்கி, அடுத்த வருஷமே முதலாவதாகத் திரும்பியது. பெரிய இடத்துப் பிள்ளைகள், விழுந்தாலும் எழுந்துவிடுவார்கள்.

என் மனசு பார்ன்ஸ்லியிடம்தான் நின்றது. நிலக்கரிச் சுரங்க ஊர். இரண்டாம் டிவிஷனில் இருந்தபடியே 1912-இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற அணி. 1919-இல் கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை. அதன் பிறகு மேல் டிவிஷனுக்கு அது வந்தது எப்போது தெரியுமா? 1997-இல். அதுவும் ஒரே வருஷம்தான், 1998-இல் மறுபடி இறங்கிவிட்டது. 1919-இல் ஓட்டுக்குக் காத்திருந்த எத்தனை பேர் அதைப் பார்க்க உயிரோடு இருந்திருப்பார்கள்?

எனக்குப் போன பதவி நான்கு வருஷத்தில் திரும்பக் கிடைத்தது. ஆனால் என் செக்‌ஷனில் ஒரு சார் இருந்தார். எனக்கு நோட் எழுதக் கற்றுத் தந்தவர். அவருடைய பெயர் பேனலில் வந்தது, ஃபைல் மேஜை மேஜையாக நகர்ந்தது. ஆர்டர் வருவதற்குள் அவருக்கு ஐம்பத்தெட்டு முடிந்துவிட்டது. கடைசி நாள் மாலையோடு வீட்டுக்குப் போகும்போது, "பரவாயில்லைப்பா, பேனல்ல பேர் வந்துதே" என்றார்.

பேரனுக்கு பார்ன்ஸ்லி கதையைச் சொன்னேன். சார் கதையைச் சொல்லவில்லை. அவனும் ஒருநாள் வேலைக்குப் போவான், அப்போது சொல்லிக்கொள்ளலாம்.