கல்வளைவும் கடைப்பலகையும்

காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், அந்நகரில் பறந்த கொடிகளை வகைப்படுத்திக் காட்டுகிறார். தெய்வம் உறையும் வாயிலில் ஏற்றிய கொடி ஒன்று. கற்றறிந்த ஆசிரியர் வாதுக்கு அறைகூவி நட்ட கொடி ஒன்று. துறையில் அசையும் மரக்கலத்தின் உச்சியில் ஆடும் கொடி ஒன்று. கள் விற்கும் மனையின் முன்னே கட்டிய கொடி மற்றொன்று. இவையும் பிறவும் நெருங்கி அசைதலால் வெயிலும் உள்ளே நுழையாத நகரம் அது என்பது பட்டினப்பாலை தரும் காட்சி. புலவர் அதனைச் செல்வச் செழிப்பின் அடையாளமாகக் கண்டு மகிழ்ந்தார். வழிபாட்டுக் கொடியும் கல்விக் கொடியும் கள்ளுக்கடைக் கொடியும் ஒரே வானத்தைப் பங்கிட்டுக் கொள்ளலாமா என்ற ஐயம் அவருக்கு எழவில்லை. எழுந்திருந்தால் நமக்கு ஓர் அழகிய பகுதி குறைந்திருக்கும் என்பது வேறு செய்தி.

அந்த ஐயம் பிற்காலத்து நகரங்களுக்கு எழுந்தது. பொதுமக்கள் கண்டு மகிழ்வதற்கென அமைந்த கலை எது, பொருளை விற்பதற்கென எழுந்த விளம்பரம் எது, ஒன்றன் இடத்தில் மற்றொன்று புகாமல் காப்பது எவ்வாறு என்பது, சட்டம் வகுப்போர்க்கு நூறாண்டுக்கு மேலாகத் தலைவலியாகவே இருந்து வருகிறது. நாம் குடியேறி வாழும் ஐதராபாத் மாநகரம் இவ்வினாவுக்குக் கல்லிலும் காகிதத்திலும் வெவ்வேறு விடைகளைச் சொல்லியிருக்கிறது. கல்லில் சொன்ன விடையே பழையது. அதுவே சிறந்தது என்பதும் நம் கருத்து.

1908ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மூசி ஆறு பெருக்கெடுத்து நகரைச் சூறையாடியதை இங்குள்ள முதியோர் தம் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டிருப்பர். அவ்வெள்ளத்தின் பின்னரே விசுவேசுவரையா அழைக்கப்பட்டார்; ஒஸ்மான் சாகரும் இமாயத் சாகரும் தோன்றின. ஏரிகளை நினைவில் வைத்திருக்கும் நாம், அதே வெள்ளம் ஈன்ற மற்றொரு குழந்தையை மறந்துவிட்டோம். ஏழாம் நிஜாம் மீர் ஒஸ்மான் அலிகான் ஆட்சிக்கு வந்த மறு ஆண்டில், அதாவது 1912இல், நகர மேம்பாட்டு வாரியம் ஒன்று நிறுவப்பெற்றது. நெருக்கடியான குடியிருப்புகளை அகற்றுதல், சாலைகளை அகலப்படுத்துதல், புதிய வீடுகளும் அங்காடிகளும் கட்டுதல் ஆகியவை அதன் பணிகள்.

அவ்வாரியத்தின் கைவண்ணத்தைக் காண விரும்புவோர் மதீனாவிலிருந்து சார்மினார் நோக்கி நடந்தால் போதும். பத்தர்கட்டி என்று வழங்கும் அத்தெருவின் இருமருங்கிலும் கருங்கல்லால் ஆன வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. துணிக்கடைக்கும் வளைவு அதுவே; முத்து வாணிகர்க்கும் வளைவு அதுவே. செல்வம் மிக்க வணிகர் தம் வளைவை உயர்த்திக்கொள்ளவோ எளியவர் தாழ்த்திக்கொள்ளவோ அங்கு இடமில்லை. வளைவுக்குள் இருப்பது கடைக்காரருக்குரியது, வளைவு தெருவுக்குரியது என்ற கொள்கை எந்த விதிநூலையும் புரட்டாமலே அக்கற்களில் தெரிகிறது. பொதுக்கலை என்றவுடன் சிலையையும் ஓவியத்தையுமே நினைக்கும் நமக்கு, ஒரு கடைத்தெருவின் முகப்பே பொதுக்கலை ஆகலாம் என்பது அங்கு சென்றால் விளங்கும்.

வாரியத்தின் தலைவராயிருந்த இளவரசர் மொஅஸ்ஸம் ஜா பெயரால் 1930களில் எழுந்த மொஜம்ஜாஹி மார்க்கெட்டும் இக்கொள்கையின் வழிவந்ததே. நாற்சந்தியின் மூலையில் மணிக்கூண்டைத் தாங்கி இரு கைகளையும் விரித்தாற்போல் நிற்கும் அக்கருங்கற் கட்டடத்தை அறியாத தமிழ்க் குடும்பம் இந்நகரில் இருக்க முடியாது. பழம் வாங்கவும் கோடை மாலைகளில் ஐஸ்கிரீம் உண்ணவும் குழந்தைகளோடு நாம் அங்கு சென்றதுண்டு. ஆயினும் நம்முள் எத்தனை பேர் அதன் வளைவுகளைக் கண்டோம்? ஒவ்வொரு கடையும் தன் பெயரைத் தானே பெரிதென எழுதிக்கொண்டபோது, தகரமும் பின்னர் ஃப்ளெக்ஸும் அவ்வளைவுகளை மூடின. கல்லில் தைத்த ஆணிகளும், தொங்கிய மின்கம்பிகளும், வாயிலில் நீட்டிய கூரைகளும் எஞ்சிய அழகையும் மறைத்தன. கட்டடம் அங்கேயே இருந்தும் அதனைக் காணாமல் இரண்டு தலைமுறை கடந்தது. புதுப்பிக்கப்பெற்று 2020 ஆகஸ்டில் மீண்டும் திறக்கப்பட்டபோது, அப்பலகைகள் நீங்கி ஒரே சீரான பெயர்ப்பலகைகள் வந்தன. அன்று முதன்முறையாக அதன் வளைவுகளைப் பார்த்தவர்களுள் நாமும் அடங்குவோம்.

இனிக் காகிதத்தில் சொன்ன விடைக்கு வருவோம். 1955ஆம் ஆண்டு ஐதராபாத் மாநகராட்சிகள் சட்டத்தின் 420, 421ஆம் பிரிவுகள் விளம்பரங்களைப் பற்றியவை. அவற்றுள் முன்னது வானளாவும் பலகைகளைப் பற்றிப் பேசுகிறது. கூரைக்கு மேலே எழுந்து, வானமே பின்புலமாக நிற்கும் பலகை என்பது அதன் பொருள். இச்சொல் நம் நாட்டில் பிறந்ததன்று. இலண்டனில் கூரைகள்தோறும் எழுத்துகள் முளைத்தபோது, அவற்றை அடக்க 1891இல் ஒரு தனிச்சட்டம் இயற்றினர். அங்கிருந்து பம்பாய்க்கும் பம்பாயிலிருந்து நமக்கும் அச்சொல் வந்து சேர்ந்தது. பம்பாய் மரபில் வந்த சட்டங்கள், கட்டடத்தின் பெயரைச் சொல்லும் பலகைக்கும், உள்ளே நடக்கும் வணிகத்தைச் சொல்லும் பலகைக்கும் சலுகை காட்டும். எங்கோ விற்கும் பொருளை இங்கே கூவும் பலகைக்கு உரிமமும் கட்டணமும் கேட்கும்.

இச்சட்ட மரபு உயரத்தைக் கேட்கும், அகலத்தைக் கேட்கும், எவருடைய நிலம் என்று கேட்கும். கலை எது என்று மட்டும் கேட்பதில்லை. எதையும் விற்காத ஓவியம் விளம்பரம் ஆகாது. ஆகவே அது சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதே ஓவியத்தின் மூலையில் ஒரு நிறுவனத்தின் பெயரை எழுதினால் அது சட்டத்தின் முன் வந்து நிற்கிறது. அழகால் வகுக்கப்பட்ட எல்லையன்று இது. பணம் எவருடையது என்பதால் வகுக்கப்பட்ட எல்லை. இதனைக் குறையென்று நாம் கூறமாட்டோம். எது அழகு என்று தீர்மானிக்கும் உரிமையை ஓர் அலுவலருக்கு அளிப்பதினும், எத்தனை அடி என்று அளக்கும் கோலை அவர் கையில் கொடுப்பது நகருக்கு நல்லது.

கலைக்குத் தனியிடம் ஒதுக்கும் முயற்சி வேறொரு வாயில் வழியாக வந்தது. 1981ஆம் ஆண்டின் நகர்ப்புற மண்டல விதிகளில் 13ஆம் விதியாக, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் நெறிமுறை 1995 டிசம்பரில் சேர்க்கப்பெற்றது. பட்டியலில் ஏறிய கட்டடத்தை உரிமையாளர் நினைத்தபடி மாற்ற முடியாது. வல்லுநர் குழுவின் கருத்தை நாட வேண்டும். இருபது ஆண்டுகள் நின்ற அவ்விதி 2015 டிசம்பரில் நீக்கப்பட்டது. அதனிடத்தில் தெலங்கானா அரசு 2017இல் தனியொரு பாரம்பரியச் சட்டத்தை இயற்றியது. இடையில் கழிந்த காலமும் பின்னர் இரம் மன்சில் மாளிகையைக் குறித்து எழுந்த வழக்கும், காகிதத்தில் எழுதிய காப்பு எத்துணை மெலிந்தது என்பதைக் காட்டின. அம்மாளிகையை இடிக்கும் முடிவை உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தள்ளுபடி செய்திராவிடில், இன்று அதனைப் பற்றி இறந்த காலத்தில்தான் எழுத நேர்ந்திருக்கும்.

2020 ஏப்ரலில் விளம்பரங்களுக்கென அரசு வெளியிட்ட 68ஆம் எண் ஆணை, தரையிலிருந்து 15 அடிக்கு மேல் விளம்பரம் கூடாது என்றது; அசைந்து மின்னும் விளக்குகளையும் தடுத்தது. பிரேசில் நாட்டின் சாவோ பாலோ நகரம் 2007இல் பெரும் விளம்பரப் பலகைகள் அனைத்தையும் அகற்றி உலகை வியக்கவைத்தது. நம் நகரின் ஆணை அத்துணைக் கடுமையானதன்று எனினும் வழி அதுவே. பதினைந்து அடி என்பது ஏறத்தாழ ஒரு மாடியின் உயரம். அதற்குமேல் வானம் தெருவுக்குரியது என்பதே இதன் உட்பொருள். பத்தர்கட்டியின் கற்கள் முன்னரே சொன்ன செய்திதான்.

அரசே எழுப்பும் கலைக்கு இவ்வளவுகோல் பொருந்துமா என்று கேட்போர் உண்டு. 1986இல் என். டி. இராமராவ் ஆட்சியில் உசேன் சாகர் கரையில் 30க்கு மேற்பட்ட சிலைகள் வரிசையாக நிறுத்தப்பெற்றன. அன்னமாச்சாரியார், வேமனர், போத்தனர், மொல்லை, உருதுக் கவிஞர் மக்தூம் ஆகியோரோடு, கொள்ளிடத்தில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டனும் அங்கு நிற்கிறார். ஏரியின் நடுவே நிற்கும் ஒற்றைக்கல் புத்தரைச் செதுக்கிய பெருங்குழுவை நடத்தியவர் எஸ். எம். கணபதி ஸ்தபதி. தமிழகச் சிற்பி மரபினர் இவர். குமரிமுனையில் வள்ளுவரை வடித்த வை. கணபதி ஸ்தபதியோடு இவரைக் குழப்பிக்கொள்வோர் நம் சங்கத்திலேயே பலர். 1990 மார்ச் 10 அன்று மிதவையோடு அச்சிலை நீரில் மூழ்கியது, உயிர்ப்பலியும் நேர்ந்தது. 1992 டிசம்பரில் அது மீட்கப்பட்டு நிலைநிறுத்தப்பட்டது. அதே மார்ச் 10ஆம் நாளில், 2011இல், தெலங்கானாப் போராட்டத்தினூடே கரையிலிருந்த சிலைகள் பல உடைக்கப்பட்டன. அவை எதையும் விற்கவில்லை. ஆயினும் எவர் வரலாறு இந்நகரின் வரலாறு என்பதை அறிவிக்கும் பலகைகளாக அவற்றைச் சிலர் படித்தனர். சிற்பத்தை உடைத்ததை நாம் ஏற்கவில்லை. அவர்கள் படித்தது முற்றும் பிழையென்றும் சொல்லத் துணியவில்லை.

ஓவியத்தில் இவ்வெல்லை மேலும் மங்கிவிடுகிறது. இராஜ்பவனை அடுத்த மக்தாவில் 2016 முதல் வீட்டுச் சுவர்களில் ஓவியர் பலர் பெரும் படங்கள் தீட்டினர். குறுகிய சந்துகள் கண்காட்சிக் கூடமாயின. அத்தகைய முயற்சிகளுக்கு வண்ணம் விற்கும் நிறுவனமே துணை நிற்பதுண்டு. அது கலையா, விளம்பரமா? இம்மலரைக் கையில் வைத்திருக்கும் அன்பர்கள் பின்பக்கங்களைப் புரட்டிப் பார்க்கலாம். நகைக்கடையும் உணவகமும் தந்த விளம்பரமே இக்கட்டுரையின் அச்சுக்கூலியைக் கொடுத்திருக்கிறது. மலர்க்குழுவினர் செய்ததெல்லாம், அவற்றைக் கட்டுரைக்கு நடுவில் புகவிடாமல் பின்னே நிறுத்தியதுதான்.

எல்லை வகுப்பதில் இழந்தவரும் உண்டு. பலகை எழுதியவர்களைச் சொல்கிறோம். சென்னை மவுண்ட் ரோட்டின் திரைப்படப் பதாகைகளையும் வானுயர்ந்த கட்அவுட்டுகளையும் வரைந்த கை ஓவியனின் கையே. உசேன் இளமையில் பம்பாயில் திரைப்பட விளம்பரப் பலகை வரைந்து பிழைத்தவர். பின்னாளில் அவர் நம் பஞ்சாரா ஹில்ஸில் அமைத்த அருங்காட்சியகத்துக்குச் ‘சினிமா கர்’ என்றே பெயரிட்டார். அது பின்னர் மூடப்பட்டது. விளம்பரப் பலகைகளைக் கட்டுப்படுத்தத் தமிழக அரசு 1998இல் சென்னை மாநகராட்சிச் சட்டத்தைத் திருத்தியது; அது செல்லும் என உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. பெரும்பலகைகள் இறங்கின. அதற்கு முன்னரே எண்முறை அச்சு வந்து ஓவியனின் தூரிகையைப் பறித்திருந்தது. 2009இல் சென்னை மாநகராட்சி அண்ணா சாலை, காமராசர் சாலைச் சுவர்களில் சுவரொட்டிகளைத் தடைசெய்து, தமிழர் பண்பாட்டுக் காட்சிகளை வரையப் பதாகை ஓவியர்களையே அழைத்தது. நேற்று விளம்பரம் வரைந்த கை இன்று பொதுக்கலை வரைந்தது. கையும் தூரிகையும் அவையே. சுவர் எவருடையது என்பது மட்டுமே மாறிற்று. அவர்களுக்கு அது சில காலத்து வேலையே எனினும், விதி வகுப்போர் அவ்விதியால் வேலை இழப்போரையும் நினைத்த அரிய நேரம் அது.

நம்மவருள் பலர் வாழும் சிகந்தராபாத்தைச் சொல்லாமல் விடுவது முறையன்று. 1806இல் தோன்றிய அவ்வூர் 1945 வரை ஆங்கிலேயர் நிருவாகத்தில் இருந்தமையால், நிஜாமின் வாரியம் எழுப்பிய கல்வளைவுத் தெரு அங்கு இல்லை. கடைகள் தத்தம் விருப்பப்படி எழுந்தன, பலகைகளும் அவ்வாறே. சோமசுந்தர முதலியார் 1862இல் தொடங்கிய பள்ளியே வளர்ந்து மகபூப் கல்லூரி ஆயிற்று. அங்கு 1893 பிப்ரவரியில் விவேகானந்தர் சொற்பொழிவாற்றினார். அதனருகே நடப்பவர் கண்ணில் முதலில் படுவது கடைகளின் பெயர்களே. அவற்றினிடையே பொங்கல் விழாவை அறிவிக்கும் நம்முடைய துணிப்பதாகையும் ஆண்டுதோறும் கட்டப்படுகிறது. அடுத்த ஆண்டு அதனை எவ்விடத்தில் கட்டுவது என்பதைச் சங்கத்தின் செயற்குழு பேசியாக வேண்டும்.