இரண்டணா வரியும் இந்தூர் எருவும்

உறையூர் நெசவைப் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்துக்கிட்டு வர்றேன். அதில் ஒரு கேள்வி விடாமல் நிக்குது. துணிக்குப் பேர் இருக்கு. அந்தத் துணிக்கான பஞ்சு விளைந்த காட்டுக்கு ஏன் பேரே இல்லை?

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் கையேடு, 'ஆர்கரு' என்ற உள்நாட்டுப் பகுதியிலிருந்து மெல்லிய பருத்தித் துணி ஏற்றுமதியானதைச் சொல்கிறது. துணிக்கும் ஊர்ப்பேரே பேர். ஆர்கரு என்பது உறையூர்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் உறையூரில் அகழ்ந்தபோது சாயத்தொட்டி என்று கருதப்படும் கட்டுமானமும் கிடைத்தது. நெய்தவர், சாயம் தோய்த்தவர், வாங்கி விற்றவர் எல்லாருக்கும் தடயம் இருக்கு. விதைத்தவருக்கு இல்லை.

இன்றைக்குத் துணிக் கம்பெனிகள் 'நீடித்த பருத்தி' என்று லேபிள் ஒட்டி, விவசாயியோடு கைகோத்திருப்பதாகச் சொல்கின்றன. புதுசு மாதிரி தெரியும். ஆனால் நம்ம நாட்டில் இதைச் சட்டம் போட்டே செய்து நூறு வருஷம் ஆச்சு.

அப்போது இந்தியப் பஞ்சு மேல் இருந்த புகார் இரண்டு: இழை குட்டை, கலப்படம் அதிகம். 1917இல் அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது. அதன் பரிந்துரைப்படி 1921இல் இந்திய மத்தியப் பருத்திக் குழு அமைந்தது. 1923இல் பருத்தி வரிச் சட்டம் வந்தது. 400 பவுண்டு பேல் ஒன்றுக்கு முதல் மூன்று வருஷம் நாலணா, பிறகு இரண்டணா. இந்திய மில்களில் நூற்கும் பஞ்சுக்கும் ஏற்றுமதியாகும் பஞ்சுக்கும் இந்த வரி உண்டு. காசு போனது ஆராய்ச்சிக்கு. 1924இல் பம்பாய் மாதுங்காவில் நூற்புச் சோதனைக்கூடம் வந்தது. 1925இல் இன்னொரு சட்டம்: ஒவ்வொரு பேலிலும் எந்த பிரஸ்ஸில் கட்டியது என்ற குறியும் வரிசை எண்ணும் இருக்கணும். இப்போ கியூஆர் கோடு வைத்துச் செய்வதற்குப் பாட்டன் அதுதான்.

சரி, விவசாயிக்கு என்ன கிடைத்தது? நல்ல விதை கிடைத்தது, மறுக்க முடியாது. ஆனால் எது நல்ல விதை என்பதை மில்லின் தேவை தீர்மானித்தது. நீள இழை வேணும். கருங்கண்ணி, உப்பம் மாதிரி மானாவாரியில் தாக்குப்பிடித்த நாட்டு ரகங்கள் மெல்ல ஒதுங்கின. பின்னால் வந்த எம்.சி.யூ. ரகங்களின் பெயரை விரித்துப் பாருங்கள்: மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா. 1968இல் வந்த எம்.சி.யூ. 5 நூற்பாலைகளுக்குப் பிடித்த மிக நீள இழை ரகம்.

இதே காசில்தான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. 1924இல் இந்தூரில் பயிர்த்தொழில் ஆய்வு நிலையம் தொடங்கியபோது பருத்திக் குழு பணம் கொடுத்தது, ஹோல்கர் சமஸ்தானம் நிலம் கொடுத்தது. இயக்குநர் ஆல்பர்ட் ஹோவர்ட். விதையை மட்டும் மாற்றிப் பயனில்லை, மண்ணைப் பார்க்கணும் என்றார் அவர். பருத்தி மாரை வண்டிப்பாதையில் போட்டுச் சக்கரத்தில் நசுக்கவிட்டு, களை, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் சேர்த்து சுமார் மூணு மாசத்தில் எருவாக்கினார். யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து 1931இல் அதைப் புத்தகமாக்கினார். உலக இயற்கை விவசாயத்தின் வேர்களில் ஒன்று இந்த 'இந்தூர் முறை'. மில்லும் ஏற்றுமதியும் கொடுத்த அணாக்களில் முளைத்தது!

திருச்சி மாவட்டத்திலிருந்து 1995இல் பிரிந்த பெரம்பலூரில் இன்றும் கரிசல் மண்ணில் மானாவாரிப் பருத்திதான். மழை தவறினால் நஷ்டம் லேபிள் ஒட்டினவருக்கு இல்லை, விதைத்தவருக்கு. அதனால் ஒரு கூட்டு முயற்சியைப் பற்றிப் படிக்கும்போது யார் பணம் போட்டார்கள் என்பதோடு நான் நிறுத்துவதில்லை. இழையைப் பற்றிக் கேட்டார்களா, மண்ணைப் பற்றிக் கேட்டார்களா, மழை பொய்த்த வருஷத்தில் யார் பக்கம் நின்றார்கள் என்றும் பார்க்கிறேன். அந்த இரண்டணா வரி முதல் கேள்வியை நிறையவே கேட்டது. இரண்டாவதை இந்தூரில் ஒருத்தர் கேட்டார். மூணாவது இன்னும் பாக்கி இருக்கு.