தொடைவழிப் பாதையின் சரித்திரம்

ஹூஸ்டன் நகரில் ஹில்கிராஃப்ட் வீதியையொட்டிப் புடைவைக் கடைகளும் நகைக் கடைகளும் மளிகைக் கடைகளும் நெருங்கி நிற்கும் வட்டாரத்துக்கு, மகாத்மா காந்தி மாவட்டம் என்ற நாமம் 2010-இல் சூட்டப்பெற்றது. அங்கிருந்து சில மைல் கிழக்கேயுள்ள டெக்ஸாஸ் மருத்துவ மையத்தில், இன்று முதியவர்களுக்கு மார்பைப் பிளக்காமலே, தொடைத் தமனி வழியாகக் கதீட்டரைச் செலுத்தி இருதய வால்வை மாற்றுகிறார்கள். வால்வின் பெருமையைப் பேசாதார் இல்லை. ஆயினும் இச்சிகிச்சையின் சரித்திரத்தில் பாதி, அது புகுந்து செல்லும் ரத்தநாளத்தின் சரித்திரமே என்பது என் துணிபு.

2002-இல் பிரான்ஸ் தேசத்து ரூவான் நகரில் அலென் கிரிபியே முதன்முதலாக ஒரு மனிதருக்கு இவ்வால்வைப் பொருத்தியபோதே, நோயாளியின் கால் தமனிகள் கெட்டிருந்தமையால், சிரை வழியே சென்று இருதயத்தின் மேலறைச் சுவரைத் துளைத்துச் சுற்றிவர நேர்ந்தது. பின்னர்த் தமனிவழியே நிலைபெற்றது. ஆனால் அக்காலத்தில் கதீட்டரை உட்செலுத்தும் குழலின் உள்விட்டம் 8 மில்லிமீட்டர் வரை இருந்தபடியால், சுண்ணாம்பு படிந்து குறுகிய முதிய நாளங்கள் பல அதைத் தாங்காமல் கிழிந்தன. அறுவைக்குத் தகாதவரென விலக்கப்பட்டோரிடம் நடந்த பரிசோதனையின் முடிவு 2010-இல் வெளிவந்தபோது, உயிர்காத்த அச்சிகிச்சையே 100-க்கு 16 பேருக்குக் கடுமையான ரத்தநாளக் காயத்தையும் தந்திருந்தது.

இடுப்புக்குள் தமனி கிழிந்தால் ரத்தம் வெளியே தெரியாது. வயிற்றின் பின்புறம் தேங்கும். ரத்த அழுத்தம் திடீரெனச் சரிவதே பெரும்பாலும் முதல் அறிகுறி. ஆகவே அனுபவமிக்க வைத்தியர் பலர், மறுகாலின் வழியே மெல்லிய கம்பியொன்றை முன்னரே அனுப்பி வைத்து, குழலை உருவும்போது கசிவு தென்பட்டால் அக்கம்பியின்மீது பலூனைச் செலுத்தி விரித்து ஓட்டத்தை நிறுத்திவிட்டு, பிறகு நிதானமாகப் படலம் போர்த்திய ஸ்டென்டால் கிழிசலை மூடுகிறார்கள். அதுவும் போதாதெனில் அறுவை நிபுணர் நாளத்தைத் திறந்து தைக்கிறார்.

இந்த ஸ்டென்டின் பூர்வீகத்தில் டெக்ஸாஸுக்குப் பெரும் பங்குண்டு. 1950-களில் ஹூஸ்டன் வைத்தியர் மைக்கேல் டிபேக்கி, நைலான் வாங்கக் கடைக்குச் சென்று, அது தீர்ந்துபோயிருந்ததால் டெக்ரான் துணியை வாங்கிவந்து, மனைவியின் தையல் இயந்திரத்தில் தம் கையாலேயே குழாயாகத் தைத்துச் செயற்கைத் தமனி சமைத்தார். 1980-களில் சான் அன்டோனியோவில் ஜூலியோ பால்மாஸ், பலூனால் விரியும் உலோக ஸ்டென்டைச் செம்மைப்படுத்தினார். அத்துணியையும் இவ்வுலோகத்தையும் இணைத்து, 1990-இல் புவனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி, வயிற்றுப் பெருந்தமனியின் வீக்கத்தைத் தொடைவழியே சென்று அடைத்தார்.

இன்றைய குழலின் உள்விட்டம் 5 மில்லிமீட்டருக்கும் குறைவு. வால்வு கடக்கும்போது மட்டும் குழல் விரிந்து மீண்டும் சுருங்கும். நாளத்தை ஸ்கேனால் முன்கூட்டியே அளந்து, மூடும் தையலையும் முதலிலேயே இட்டுவைக்கிறார்கள். 2019-இல் வெளிவந்த பரிசோதனையில் கடுமையான காயம் 100-க்கு 2 என்ற அளவுக்கு இறங்கியது. ஆனால் அதில் பங்கேற்றோர் அபாயம் குறைந்த நோயாளிகள் என்பதை மறக்கலாகாது. நாளம் மிகச் சிறுத்த மூதாட்டியர் சிலருக்கு இன்றும் தோளருகிலோ கழுத்திலோ உள்ள தமனியையே நாட வேண்டியிருக்கிறது.